ஜப்பானியக் குடியுரிமை பெறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோக்கியோவின் எதோகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி, 2000ஆம் ஆண்டை ஒட்டிக் குடியேறத் தொடங்கிய இந்தியக் கணினிப் பொறியாளர்களில் தமிழர்களும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்புவோம் என்று வந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஜப்பானியப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவனாக விண்ணப்பித்து, காத்திருந்து, குடியுரிமை பெற்றவன் என்ற முறையில், என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜப்பானில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்குமா?

கிடைக்காது. 1950ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை, பெற்றோரைப் பார்க்கிறது. தந்தையோ தாயோ ஜப்பானியராக இருந்தால்தான் குழந்தை பிறப்பால் ஜப்பானியர் ஆகும். அதிலும் தாய்வழி உரிமை 1985 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் தந்தைவழி மட்டுமே செல்லும். பெற்றோர் இன்னாரென்று தெரியாத குழந்தை, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத பெற்றோரின் குழந்தை ஆகியோருக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. இரு இந்தியர்களுக்குத் தோக்கியோ மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை இந்தியக் குழந்தைதான். பதினான்கு நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்து, முப்பது நாள்களுக்குள் அதற்கு வதிவிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டவர் பின்னாளில் ஜப்பானியர் ஆவதற்கான வழியை ஜப்பானிய மொழியில் ‘கிகா’ என்பார்கள். கீழே உள்ளவை எல்லாம் அதைப் பற்றியவை.

அடிப்படை நிபந்தனைகள் எவை?

சட்டத்தின் 5ஆம் பிரிவு ஆறு நிபந்தனைகளைச் சொல்கிறது. தொடர்ந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஜப்பானில் குடியிருந்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்து, சொந்த நாட்டுச் சட்டப்படியும் வயதுவந்தவராக இருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். தன் உழைப்பாலோ சொத்தாலோ, ஒரே குடும்பமாக வாழும் துணைவர், உறவினரின் வருமானத்தாலோ பிழைக்க முடிய வேண்டும். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராகவோ, ஜப்பானியக் குடியுரிமை கிடைத்ததும் பழையதை இழப்பவராகவோ இருக்க வேண்டும். அரசமைப்பையும் அரசையும் வன்முறையால் கவிழ்க்க முனைந்தவராக இருக்கக் கூடாது.

இந்த ஆறும் நிறைவேறினால் குடியுரிமை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இவை இல்லாதவருக்கு நீதி அமைச்சர் அனுமதி தரக் கூடாது என்றுதான் சொல்கிறது. அமைச்சரின் விருப்புரிமை மிகப் பெரிது என்பதை மனத்தில் கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஜப்பானியரை மணந்தவருக்கு 7ஆம் பிரிவு சலுகை தருகிறது. மூன்றாண்டுகள் ஜப்பானில் வசித்திருந்தாலோ, மணமாகி மூன்றாண்டுகள் ஆகி அதில் கடைசி ஓராண்டு இங்கே குடியிருந்தாலோ போதும்.

ஐந்தாண்டு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

‘தொடர்ந்து’ என்ற சொல்லில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சட்டத்தில் நாள்கணக்கு எழுதப்படவில்லை என்றாலும், ஒரே பயணத்தில் மூன்று மாதத்தை ஒட்டியோ, ஓராண்டில் மொத்தமாக நூறு நாள்களுக்கு மேலோ நாட்டை விட்டு வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று ஐந்தாறு மாதம் தங்கிவிட்டு வரும் பெண்களுக்கு இது கடுமையான விதி. அவர்களுடைய கணக்கு திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். குடும்பத்தோடு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இதை முன்னரே யோசிக்க வேண்டும். மாணவராகக் கழித்த காலமும் ஐந்தாண்டில் சேரும். ஆனால் அதில் மூன்றாண்டுகளாவது வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியில், பிரதமர் தக்காய்ச்சி சனாயேயின் அரசு இந்த நிபந்தனைகளைக் கடுமையாக்கும் பரிசீலனையைத் தொடங்கியது. ஆகவே சட்டத்தின் வரியில் ஐந்து என்று இருப்பதை மட்டும் நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை ‘ஹோமுக்யோகு’ எனப்படும் சட்ட விவகார அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிரந்தர வதிவுரிமை போதாதா?

பெரும்பாலோருக்குப் போதும் என்பதே என் கருத்து. நிரந்தர வதிவுரிமைக்குப் பொதுவாகப் பத்தாண்டு வாசம் தேவை என்பதாலும், குடியுரிமைக்குச் சட்டம் ஐந்தாண்டுதான் கேட்பதாலும், ‘இது சீக்கிரம் கிடைக்கும்’ என்று குடியுரிமையைத் தேடி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறான காரணம். நிரந்தர வதிவுரிமை உங்கள் விசாவை மாற்றுகிறது, குடியுரிமை உங்களையே வேறொரு நாட்டவராக மாற்றுகிறது. விசாவைப் புதுப்பிக்கும் அலுப்பு மட்டும்தான் காரணம் என்றால் வதிவுரிமைக்குக் காத்திருங்கள்.

ஆனால் வாக்குரிமை குடியுரிமையால் மட்டுமே வரும். தேசியத் தேர்தலிலும் சரி, உள்ளாட்சித் தேர்தலிலும் சரி, வெளிநாட்டவருக்கு வாக்கு கிடையாது. இருபது ஆண்டுகள் வரி கட்டியும், தன் பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் வட்டார மன்றத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தியாவில் பிறந்து 2012இல் ஜப்பானியரான யோகேந்திர புராணிக், 2019 ஏப்ரலில் எங்கள் எதோகாவா வட்டார மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்லாந்தில் பிறந்த சுருனென் மாருதெய் 1979இல் குடியுரிமை பெற்று, 2002இல் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஆனார். இந்த ஊரில்தான் இனி என் வாழ்வு, இதன் நல்லது கெட்டதில் எனக்கும் பங்கு வேண்டும் என்று தோன்றினால், அது சரியான காரணம்.

ஜப்பானிய மொழித் தேர்வு எழுத வேண்டுமா?

சட்டத்தில் மொழி நிபந்தனை இல்லை, மொழித்திறன் தேர்வுச் சான்றிதழையும் கேட்பதில்லை. ஆனால் தொடக்கப் பள்ளி இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை அளவுக்குப் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஐயம் வந்தால் அங்கேயே ஒரு சிறு தாளை நீட்டி எழுதச் சொல்வதும் உண்டு. அலுவலகத்தில் முழுநாளும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பேசிப் பழகிய பொறியாளரை விட, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அங்குள்ள தாய்மார்களிடம் பேசிப் பழகிய அவர் மனைவி இதில் தேறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

முதலில் ஹோமுக்யோகுவின் குடியுரிமைப் பிரிவில் முன்பதிவு செய்து ஆலோசனைக்குச் செல்ல வேண்டும். உங்கள் நிலையைக் கேட்டு அறிந்த பின், உங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் குறித்து ஒரு பட்டியல் தருவார்கள். ஒருவருடைய பட்டியல் இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதால், நண்பரின் பட்டியலை வைத்துக்கொண்டு ஊரிலிருந்து சான்றிதழ்களை வரவழைக்கத் தொடங்காதீர்கள்.

ஜப்பானியப் பக்கத்தில் வருமானச் சான்று, வருமான வரி, குடியிருப்பு வரி, ஓய்வூதியத் தவணை, வாகனம் ஓட்டுபவராயின் ஓட்டுநர் பதிவுச் சான்று என்று கேட்பார்கள். நன்னடத்தை என்ற நிபந்தனை பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான் அளக்கப்படுகிறது. வேலை மாறிய இடைவெளியில் இரண்டு மாத ஓய்வூதியத் தவணையைக் கட்டாமல் விட்டவர்கள், வேக வரம்பை மீறிப் பலமுறை அபராதம் கட்டியவர்கள் ஆகியோர் அவற்றைச் சரிசெய்து, போதிய காலம் கழித்து வருவதே நல்லது.

இந்தியப் பக்கம்தான் சிக்கல். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், உடன்பிறந்தாரை உறுதிசெய்யும் ஆவணம் என்று குடும்பத்தையே தாளில் கேட்பார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் பிறப்பும் திருமணமும் இறப்பும் ‘கொசெக்கி’ என்னும் குடும்பப் பதிவேட்டில் ஒரே இடத்தில் இருக்கும் நாட்டின் அதிகாரிக்கு, நம் ஊரில் அப்படியொரு ஏடே இல்லை என்பதை விளக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் கோயிலிலோ வீட்டுப் பந்தலிலோ தாலி கட்டிய நம் பெற்றோரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு திருமண அழைப்பிதழும் கருப்பு வெள்ளைப் படமும்தான். என் தாயாரின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறு விதமாகவும், அவருடைய ஆதாரில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்துகளில் இருந்தது. மூன்றும் ஒரே பெண்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கவே நான்கு மாதங்கள் ஆயின. எனவே ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக எல்லாச் சான்றிதழ்களிலும் உள்ள எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானிய மொழிபெயர்ப்பை நீங்களே செய்யலாம். மொழிபெயர்த்தவரின் பெயர், முகவரி, தேதி ஆகியவை அதில் இருந்தால் போதும்.

இவற்றோடு நீங்களே எழுத வேண்டியவையும் உண்டு. பிறந்தது முதல் இன்றுவரை இடைவெளி இல்லாத வாழ்க்கைக் குறிப்பு, உறவினர் விவரம், குடும்ப வரவு செலவு, வீட்டுக்கும் பணியிடத்துக்கும் வழிகாட்டும் வரைபடம் ஆகியவை அவை. எங்கள் நிலையத்தின் தென்வாசலிலிருந்து காய்கறிக் கடை, மழலையர் பள்ளி, பூங்கா என்று ஒவ்வொன்றாக வரைந்து எத்தனை நிமிட நடை என்று குறித்தபோதுதான், பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே தெருவில் நடந்திருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. ஏன் ஜப்பானியர் ஆக விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லும் கடிதத்தைக் கைப்பட எழுத வேண்டும். அதில் அணிந்துரை போல் ஜப்பானைப் புகழ வேண்டாம். எங்கே வேலை, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், இனி எங்கே வாழப்போகிறீர்கள் என்று நேராக எழுதுவதையே அவர்கள் விரும்புகிறார்கள்.

பெயரை மாற்றியே ஆக வேண்டுமா? தமிழ்ப் பெயரை வைத்துக்கொள்ள முடியாதா?

ஜப்பானியப் பெயராக மாற்ற வேண்டியதில்லை, ஆனால் ஜப்பானிய எழுத்தில் எழுத வேண்டும். ஹிராகானா, கதகானா என்னும் ஒலியெழுத்துகள், பெயர்களுக்கு அனுமதிக்கப்பட்ட கான்ஜி என்னும் சீன எழுத்துகள் ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். பழைய காலத்தில் நிலைமை வேறு. 1896இல் ஜப்பானியரான எழுத்தாளர் லாஃப்காதியோ ஹெர்ன் மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுக் கொய்சுமி யாகுமோ ஆனார். கொரிய வம்சாவளித் தொழிலதிபர் சோன் மாசயோஷி 1990இல் குடியுரிமை பெற்றபோது, ‘சோன்’ என்னும் குடும்பப் பெயர் ஜப்பானியரிடையே இல்லை என்று தடை சொல்லப்பட்டதால், ஜப்பானியரான அவர் மனைவி முதலில் தம் பெயரைச் சோன் என்று மாற்றிக்கொண்டு வழி உண்டாக்கினார். இன்று அந்தத் தடை இல்லை. அமெரிக்க அறிஞர் டொனால்ட் கீன், 2011 நிலநடுக்கத்துக்குப் பின் 2012இல் தம் எண்பத்தொன்பதாம் வயதில் ஜப்பானியரானபோது, தம் பெயரைக் கதகானாவிலேயே பதிவு செய்தார்.

தமிழருக்குள்ள சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொசெக்கியில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டே இடங்கள் உண்டு, இரண்டையும் நிரப்பியாக வேண்டும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதலாம் என்றால், அடுத்த கேள்வி வருகிறது. ஜப்பானிய உரிமையியல் சட்டத்தின் 750ஆம் பிரிவுப்படி, ஜப்பானியக் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் கொள்ள முடியும். கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தால், மாமனாரின் பெயர் மருமகளின் குடும்பப் பெயராகவும், பேரப்பிள்ளைகளின் குடும்பப் பெயராகவும் ஆகிவிடும். தன் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமந்து வந்த பெண்ணுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. எங்கள் வீட்டில் இந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான் மிக அதிக நாள்கள் பேசினோம். கடைசியில் இருவர் தந்தையரின் பெயரையும் விட்டுவிட்டு, எங்கள் இரு குடும்பங்களுக்கும் பொதுவான ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராக எழுதினோம்.

ஒலியையும் எண்ணிப் பாருங்கள். கதகானாவில் ‘ன்’ தவிர வேறு மெய்யெழுத்து தனித்து நிற்காது, லகர ளகர ழகரங்களும் ரகரமும் ஒரே எழுத்தில் அடங்கும். அரவிந்த் ‘அராவிந்தோ’ ஆவார், மகிழனும் யாழினியும் தங்கள் ழகரத்தை இழப்பார்கள். பெயரை வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாழ்நாள் முழுதும் பிறர் கூப்பிடுவார்கள் என்பதால், தெரிந்த ஜப்பானியர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பதிவான பின் பெயரை மாற்றுவதற்குக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

விண்ணப்பம் ஏற்கப்பட்ட இரண்டு மூன்று மாதங்களில் அழைப்பு வரும். நீங்கள் எழுதிக் கொடுத்தவற்றையே ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். முதல் வேலையை ஏன் விட்டீர்கள், ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள், உங்கள் தம்பி என்ன செய்கிறார் என்ற வகையில் கேள்விகள் அமையும். கணவன் மனைவியைத் தனித்தனியே விசாரிப்பதும் உண்டு. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்வார்கள், சிலர் வீட்டுக்கு நேரிலும் வருவார்கள். மறைப்பதுதான் கேடு, பழைய அபராதத்தை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

ஜப்பானின் அரசமைப்பையும் சட்டங்களையும் பின்பற்றி நல்ல குடிமகனாக இருப்பேன் என்னும் உறுதிமொழித் தாளில் அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். அதை வாய்விட்டுப் படிக்கவும் சொல்வார்கள். வேறு விழாவோ கொடியோ கிடையாது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரே ஒரு அதிகாரி, நடுவில் அந்தத் தாள் என்ற அளவில் அது முடிந்தது. ஆயினும் அந்த இரண்டு வரியைப் படிக்கையில் என் குரல் தழுதழுத்தது உண்மை.

எவ்வளவு காலமும் செலவும் ஆகும்?

விண்ணப்பக் கட்டணம் இல்லை. சான்றிதழ்களுக்கும், ஆவணத் தயாரிப்பாளரை அமர்த்தினால் அவருக்கும்தான் செலவு. அப்படி அமர்த்தினாலும் விண்ணப்பத்தை நீங்கள் நேரில்தான் கொடுக்க வேண்டும். தோக்கியோவில் ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை ஆகிறது. இடையில் வேலை மாறினாலும் வீடு மாறினாலும் குழந்தை பிறந்தாலும் வெளிநாடு சென்றாலும் உடனே தெரிவிக்க வேண்டும். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,800 பேருக்கு அனுமதி கிடைத்தது. மறுக்கப்பட்டவர்கள் சில நூறு பேர். தேறாத விண்ணப்பங்களை ஆலோசனைக் கட்டத்திலேயே நிறுத்திவிடுவது அந்த எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம். மறுப்புக்குக் காரணம் பொதுவாகச் சொல்வதில்லை. மீண்டும் விண்ணப்பிக்கத் தடை இல்லை.

இந்தியக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. ஜப்பானின் 5ஆம் பிரிவு ஒருபுறம் இருக்க, 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி, தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்ற கணத்திலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். இலங்கையர் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெறும் வழி இலங்கைச் சட்டத்தில் இருந்தாலும், ஜப்பானிய நிபந்தனை அதற்கு இடம் தராது. முன்னாள் இந்தியர் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெற்று, விசா இன்றி வந்துபோகலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அது குடியுரிமை அன்று. வாக்கு இல்லை, வேளாண் நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஊரில் நிலம் வாங்கி உழவு செய்யும் எண்ணம் இருப்பவர்கள் இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் நிலை என்ன?

பெற்றோர் குடியுரிமை பெறுவதால் முன்பே பிறந்த பிள்ளைகள் தானாக ஜப்பானியர் ஆவதில்லை. அவர்களுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம், காரணக் கடிதமும் வேண்டாம். அந்த வயதைத் தாண்டியவர்கள் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அவர்களிடம் கட்டாயம் கலந்து பேசுங்கள். எங்கள் மூத்த மகள் தன் கடிதத்தை எங்களுக்குக் காட்டாமல் எழுதிக் கொடுத்தாள்.

அனுமதி கிடைத்த பின் என்ன செய்ய வேண்டும்?

அரசிதழான ‘கன்போ’வில் உங்கள் பெயர் அறிவிக்கப்படும் நாளே நீங்கள் ஜப்பானியர் ஆகும் நாள். அது எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் பெயர் வந்த பிறகே ஹோமுக்யோகு தொலைபேசியில் அழைக்கும். அங்கே தரும் அடையாளச் சான்றோடு ஒரு மாதத்துக்குள் வட்டார அலுவலகத்தில் பதிவு செய்தால் புதிய கொசெக்கி உருவாகும். பழைய வதிவிட அட்டையைப் பதினான்கு நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். கொசெக்கிக்கு ‘ஹொன்செக்கி’ என்னும் மூல முகவரி ஒன்று தேவை. அது ஜப்பானில் எந்த இடமாகவும் இருக்கலாம், பேரரசர் அரண்மனை முகவரியைக் கொடுப்பவர்கள்கூட உண்டு. நாங்கள் குடியிருக்கும் வீட்டையே கொடுத்தோம்.

மிக முக்கியமான எச்சரிக்கை பயணத்தைப் பற்றியது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டைப் பயன்படுத்தக் கூடாது, ஜப்பானியக் கடவுச்சீட்டுக்கோ கொசெக்கி நகல் வேண்டும். எல்லாம் முடிய எப்படியும் ஒரு மாதத்தை ஒட்டி ஆகிவிடும். அதன் பிறகும் இந்தியா செல்ல விசா வேண்டும். எனக்கு அறிவிப்பு வந்த இரண்டாம் வாரம் தந்தைக்கு நெஞ்சுவலி என்று தம்பி அழைத்தான். எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் கையில் இல்லாமல் பதினேழு நாள்கள் தொலைபேசியில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தேறிவிட்டார். இருந்தாலும், விண்ணப்பித்து ஓராண்டு நெருங்கும்போது ஊரில் உள்ள மூத்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டைத் தூதரக ஏற்பாட்டின்படி ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் பெற வேண்டும். தோக்கியோ ஹோமுக்யோகுவும் இந்தியத் தூதரகமும் ஒரே குதான்-மினாமி பகுதியில், அரண்மனை அகழியை ஒட்டிப் பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கின்றன. ரத்து முத்திரை குத்திய பழைய கடவுச்சீட்டைத் திருப்பித் தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஒப்படைப்புச் சான்றிதழோடு அதன் நகலையும் கேட்பார்கள்.